மூடி வைத்த தம்பி

ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவள் ரீடச் அக்கா. பழைய படத்தின் கீறலை எடுப்பது, கண்மூடி நிற்பவருக்குக் கண் திறப்பது, குடும்பச் சண்டையில் ஆளைக் குறைப்பது எல்லாம் அவள் இலாகா. ஆளைக் குறைப்பதில் மட்டும் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. யாரையும் அழிக்க மாட்டாள். கணினியில் அந்த ஆளின் மேலே இன்னொரு அடுக்கைப் போட்டு மூடி வைப்பாள். இன்றைக்கு அடித்துக்கொள்கிறவர்கள் நாளைக்குக் கூடிக்கொள்வார்கள், பழி நமக்கெதற்கு என்பாள்.

மென்பொருள் வாங்கக் காசில்லை என்று முதலாளி கையை விரித்த காலத்தில், இலவசமாகக் கிடைத்ததை இறக்கித் தானே தட்டுத்தடுமாறிக் கற்றவள் அவள். அதை வைத்துத்தான் கடை இத்தனை வருஷம் ஓடியது. பிறகு முதலாளிக்கு மாப்பிள்ளை வாய்த்தார். வந்ததும் வராததுமாக, ஓசியில் வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி, பளபளவென்று புதுக் கணினிகளையும் மாத வாடகை மென்பொருளையும் இறக்கினார். பழக்கமாகும்வரை பழையது ஒன்று மூலையில் இருக்கட்டுமே என்று அவள் கெஞ்சினாள். கடைக்கு லட்சணமாக இருக்காதாம். வேலைக் கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள இரண்டு நாள் கொடுத்து, பழையதையெல்லாம் துடைத்து விற்றுவிட்டார். முதலாளி வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை முன்னால் எந்த மாமனாருக்கு வாய் இருக்கிறது?

மென்பொருள் மாறியது, விரல் மாறவில்லை. பழையதில் பிரதி போட ஒரு படத்தை வெளியே எடுக்க அவள் அழுத்திய அதே மூன்று விசைகள், புதியதில் அடுக்குகளையெல்லாம் ஒன்றாக ஒட்டிவிடும். ஒரு பெரியவர் கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்துக்கு மகள் வீட்டுக்கென்று ஒரு பிரதி கேட்டபோது, பழக்கதோஷத்தில் அதைத்தான் அழுத்தினாள். வழக்கமாக வரும் பெட்டி ஒன்றும் திறக்காததால் மெனுவில் தேடிப் பிரதியை எடுத்தாள். கோப்பை மூடும்போது, மாற்றத்தைச் சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது. சரி என்றாள்.

போன வாரம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். முன்பு சொத்துத் தகராறில் அந்தக் கூடத்துப் படத்திலிருந்து தம்பியை எடுக்கச் சொல்லியிருந்தார், அவள் தம்பிமேல் திரைச்சீலை போட்டு மூடியிருந்தாள். இப்போது சமாதானமாம், தம்பியைத் திரும்பப் போட வேண்டுமாம். கோப்பைத் திறந்தாள். திரைச்சீலை படத்தோடு படமாக ஒட்டியிருந்தது. அடியில் தம்பி இல்லை. அசல் படம் இருக்கிறதா என்று கேட்டாள். கோபத்தில் அன்றே கிழித்துவிட்டாராம்.

மாப்பிள்ளை அவளை உள்ளே அழைத்து, கோப்பு தானாகக் கெட்டுவிட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்றார். விசை மாறிய கதையை அவள் சொன்னதும் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இது உலகமே வெச்சிருக்கற சாப்ட்வேர், அக்கா."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒரு பழைய கணினிக்கு மூலையில் இடம் கொடுக்காதவருக்குப் பழமொழிக்கு மட்டும் இடமிருந்தது. வெளியே வந்து, உள்ளதை உள்ளபடி பெரியவரிடம் சொன்னாள்.

பெரியவர் குதித்தார். என் தம்பியை எப்படி அழிக்கலாம் என்று கடை அதிரக் கத்தினார்.

"அழிச்சது என் கையும் இந்தக் கடையும். ஒத்துக்கறேன்," என்றாள். "ஆனா அழிக்கச் சொன்னது நீங்க, ஐயா. நான் மூடித்தான் வெச்சிருந்தேன்."

பெரியவர் படம் எடுக்கப் போடும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரான்மா," என்றார். "அதுக்குள்ள கூடத்துல மாட்டியிருக்கற படத்தக் கழட்டணும்."