முகம் பார்த்துச் சொன்ன பதில்கள்

தங்கச்சிக்கு கேஸ் இன்டர்வியூ பழக்கிவிட்டது நான்தான் என்று சொன்னால் எங்கள் லைனில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். பெங்களூருக்கு வெளியே, பொம்மசந்திராவில் சட்டை தைக்கிற கம்பெனியில் எனக்குச் செக்கர் வேலை. தைத்து வருகிற பீஸை மேஜையில் விரித்துப் பார்க்கவேண்டும். தையல் விட்டிருந்தாலோ, காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தாலோ, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் தைக்க, திருப்பி அனுப்பவேண்டும். படிப்பு ஒன்பதாவது. அதையும் முடிக்கவில்லை.

ஊரில் யாராவது கேட்டால், குடும்பக் கஷ்டம், அதனால் நிறுத்திட்டோம் என்று அம்மா சொல்லும். நானும் அதையே சொல்லிப் பழகிவிட்டேன். நிஜம் வேறு. அரையாண்டுப் பரீட்சையில் கணக்குத் தாளைக் கையில் வாங்கினதும் பெஞ்சிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக்குப் போகலாம், திங்கட்கிழமை போகலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் போகவே இல்லை.

தங்கச்சி என்னைவிடப் பத்து வயசு சின்னவள். இங்கே ஒரு காலேஜில் எம்.பி.ஏ. கடைசி வருஷம். ஹெப்பகோடியில் என்னோடு ஒரே ரூம் வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் போய் வருகிறாள். போன வருஷக் கடைசியில் அவள் காலேஜுக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்க வர ஆரம்பித்தன. மற்ற கம்பெனிகள் எல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். கன்சல்டிங் கம்பெனி ஒன்று வருகிறது, அதில்தான் சேரவேண்டும் என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். நஷ்டத்தில் போகிற கம்பெனிக்குப் போய், ஏன் நஷ்டம் என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலையாம்.

"அதுக்கு வெளியாள் எதுக்குடி? அங்க வேலை செய்யறவங்களக் கேட்டா தெரிஞ்சிடாதா?"

"கேக்கமாட்டாங்கக்கா. அதனாலதான் எங்களுக்கு வேலை."

முதலில் ஆப்டிட்யூட் டெஸ்ட். கம்ப்யூட்டரில் சதவீதம், படம், அட்டவணை என்று கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. பழகும்போது போனில் நேரம் பார்ப்பது என் வேலை. எழுதுகிறவள் அவள். உள்ளங்கை வியர்ப்பது எனக்கு.

"அக்கா, உன் மூச்சு கேக்குது."

"மூச்சுகூட விடக்கூடாதா?"

"விடு. புஸ்ஸு புஸ்ஸுன்னு விடாத. குக்கர் பக்கத்துல உக்காந்து எழுதுற மாதிரி இருக்கு."

போனை எடுத்துக்கொண்டு அடுப்பு மூலைக்குப் போய் நின்றுகொண்டேன். அந்த டெஸ்டில் அவள் தேறிவிட்டாள். என்னால் வந்த கெடுதல் ஒன்றுமில்லை.

அடுத்தது கேஸ் இன்டர்வியூ. எதிரில் ஒருவர் உட்கார்ந்து ஒரு கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்வார். இவள் கேள்வி கேட்டு, வரவை ஒரு பக்கம் செலவை ஒரு பக்கம் பிரித்து, காரணம் இங்கே இருக்கிறது என்று போய்ச் சேரவேண்டும். தனியாகப் படித்தால் வராது, எதிரில் ஆள் வேண்டும். காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். ஒரு பெண்ணிடம் இவள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறாள். "ஸ்லாட் ஃபுல்" என்றாளாம். ஏதோ பஸ்ஸில் சீட் கேட்டமாதிரி.

அதனால்தான் நான். எனக்காக ஒரு நோட்டுப் போட்டாள். இங்கிலீஷ் கேள்வியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, கீழே எண்களையும் பதிலையும் தமிழிலேயே எழுதித் தந்தாள். ஏதோ புத்தகத்திலிருந்து நூறு கேஸை மளமளவென்று இறக்கியதில், எதற்கு எது பதில் என்று அவளுக்கே நினைவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, அவளுக்கு எதிரில் பிளாஸ்டிக் சேரில் உட்காருவேன். "அவர் கிளையன்ட் ஈஸ் எ டெய்ரி கம்பெனி" என்று ஆரம்பிப்பேன், நம்மிடம் வந்திருப்பது ஒரு பால் கம்பெனி என்று அர்த்தமாம். பால் கம்பெனி, சோப்புக் கம்பெனி, விமானக் கம்பெனி. பெங்களூரில் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்கும் என்றுகூட ஒன்று இருந்தது. தெரியாததை வரிசையாக யோசித்துத் தைரியமாகச் சொன்னால் வேலை கொடுப்பார்களாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லவே தைரியம் வந்ததில்லை.

ஒரு நாள் சட்டைக் கம்பெனி கேஸ் வந்தது. திரும்பி வருகிற சட்டை அதிகமாகிவிட்டது, ஏன்? நோட்டைப் பார்க்காமலே எனக்குப் பதில் தெரிந்தது. ஷிப்மென்ட் கிட்டே வந்ததும் டார்கெட்டை ஏற்றுவார்கள். சூப்பர்வைசர் பின்னால் நின்று "பேக, பேக" என்று, சீக்கிரம் சீக்கிரம் என்று, கன்னடத்தில் விரட்டுவார். அப்போது தையலும் ஓடும், செக்கிங்கும் ஓடும். நோட்டிலோ துணி வாங்குகிற இடத்தை மாற்றியதுதான் காரணம் என்று இருந்தது.

"தப்பா எழுதியிருக்கான்டி," என்றேன்.

"அக்கா, நீ இன்டர்வியூ எடுக்கறவ. உனக்கு அபிப்பிராயமே கிடையாது."

அதையேதான் முதல் நாளே சொல்லியிருந்தாள். "நான் சரியாச் சொன்னாலும் தப்பாச் சொன்னாலும் மூஞ்சிய சும்மா வச்சுக்கணும். அவங்க அப்படித்தான் இருப்பாங்க." சரி என்று சொல்லியிருந்தேன். மூன்று நாள் அப்படியே இருந்தும் பார்த்தேன். நாலாம் நாள் ஒரு கேஸில் அவள் தவறான பக்கமே போய்க்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றாள். பேனாவை வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்தப் பழைய பெஞ்ச் ஞாபகம் வந்தது. என் புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும்போல. அவள் சட்டென்று நிறுத்தி, "சரி, செலவுப் பக்கம் பாக்கலாம்" என்றாள். என் முகம் இளகியது. அவள் முடித்துவிட்டாள்.

அதன்பிறகு வேகம் வந்துவிட்டது. முன்பு முக்கால் மணி நேரம் இழுத்த கேஸை இருபது நிமிஷத்தில் முடித்தாள். நாங்கள் அதை முன்னேற்றம் என்று நினைத்தோம். அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, "அக்காகூடப் பண்ணா நல்லா வருதும்மா" என்றாள். எனக்கு அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகவே இறங்கியது.

அதே வாரம் சாப்பாட்டு வேளையில், என் லைனில் தைக்கிற பெண் ஒருத்தி எல்லார் முன்னாலும் என்னைக் கிண்டல் பண்ணினாள்.

"இவ ஸ்டிக்கரே ஒட்டவேணாம்டி. நான் மெஷின்ல இருந்தே இவ மூஞ்சியப் பாப்பேன். மூக்கு சுருங்குச்சுன்னா ஆல்டர். உதடு விரிஞ்சா பாஸ். பீஸ் எங்கிட்ட திரும்பி வர்றதுக்குள்ள நான் ஊசிய மாத்தி வச்சிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊறுகாயை நக்கிக்கொண்டு, அட, நம்ம முகத்தில் இவ்வளவு இருக்கிறதா என்றுதான் நினைத்தேன். எந்நேரமும் எதையாவது நினைத்துப் பயப்படுகிறவள் நான். அடுப்பை அணைத்தேனா என்று பாதிவழியில் திரும்பி வருகிறவள். அன்றைக்குப் பயப்படவேண்டிய ஒன்றுக்குப் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

இன்டர்வியூ அன்று லீவு கிடைக்கவில்லை. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மதியம் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அப்படியானால் நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். சாயந்திரம் கதவைத் தள்ளினால், தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"என்னடி ஆச்சு?"

"அவர் மூஞ்சில ஒண்ணுமே இல்லக்கா. சாதா செவுரு."

"அதட்டினாரா?"

"இல்ல. மரியாதையாத்தான் பேசினார். மருந்துக்கடை கேஸ். நான் முதல்லயே சரக்குத் தேங்குதுன்னு சொன்னேன். அவர் பாத்துக்கிட்டே இருந்தார். தப்புபோலன்னு விலைப் பக்கம் போனேன். அதுக்கும் பாத்துக்கிட்டே இருந்தார். அதையும் விட்டுட்டேன். மூணு தடவை மாத்தினேன்க்கா."

ஷூ லேஸைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"கடைசில அவரே கேட்டார். முதல்ல சொன்னது சரியாத்தானே இருந்துச்சு, ஏன் விட்டீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவேன்? எனக்கே தெரியல."

எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆறு வாரமாக அவள் கேஸைப் படிக்கவில்லை, என் முகத்தைப் படித்திருக்கிறாள். தவறிய இடத்திலெல்லாம் நான் அம்பு ஒட்டிக் காட்டியிருக்கிறேன். அம்பு இல்லாத முகத்தின் முன்னால் உட்கார்ந்ததும், சரியான பதிலையே பிரித்துப் போட்டுவிட்டாள். சொல்லிவிட வாயைத் திறந்தேன். "டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது. மறுநாள் காலை மெயில் வந்தது, எடுக்கவில்லை என்று. அவள் எனக்குக் காட்டவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கதவருகில் நின்று, "வரலக்கா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது இன்னொரு கன்சல்டிங் கம்பெனி வந்திருக்கிறது. இதைவிடச் சின்னது. இதுதான் இந்த வருஷத்துக்குக் கடைசி. டெஸ்ட் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை இன்டர்வியூ. போன ஞாயிற்றுக்கிழமை, நோட்டை நீட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குத்தான் சொன்னேன். என் மூஞ்சியைப் பார்த்துத்தான் நீ பதில் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று. கத்துவாள் என்று நினைத்தேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியும்க்கா. பஸ்ல வரும்போதே புரிஞ்சிடுச்சு," என்றாள். "வேற யாரு இருக்கா?"

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பாதி கேஸில் அவள் நிறுத்தினாள்.

"மூச்சு கேக்குதுக்கா. நான் தப்பா போறேன், இல்ல?"

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வராந்தாவில் நின்று, மூடின கதவைப் பார்த்து, "அவர் கிளையன்ட் ஈஸ் எ பேக்கரி செயின்" என்று சத்தமாகப் படித்தேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா, "ஏன்மா, ஹொரகே ஹாக்பிட்லா?" என்று சிரித்தார், வெளியே தள்ளிவிட்டாளா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. விற்பனை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் நோட்டில் இருந்த எண்ணை மட்டும் படித்தேன். நன்றாகப் போனாள். கடைசியில், புதிதாகத் திறந்த கடைகள் பழைய கடைகளின் வாடிக்கையையே பிடுங்குகின்றன, அதுதான் காரணம் என்று சொன்னாள். என் கையில் இருந்த பக்கத்தில் அதேதான் எழுதியிருந்தது, அவள் கையெழுத்திலேயே.

மூச்சுகூடக் கேட்கக்கூடாதென்று துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா?"

நான் அசையவில்லை.

"இருக்கியா?"

கதவுக் கொக்கிக்குக் கை போனது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"சரி," என்றாள் உள்ளேயிருந்து. காகிதம் திருப்புகிற சத்தம். "வேணாம். மாத்திக்கிறேன். மாவு விலையப் பாக்கலாம்."