பேர் எடுக்கிறவள்

ஹேர் டிரையரைக் காரின் மேல் காட்டுவதற்கு முன் நூலக்கா அதைத் தன் கன்னத்தில் காட்டிப் பார்ப்பாள். கன்னம் தாங்காத சூட்டைக் காரின் வர்ணமும் தாங்காது என்பது அவள் எண்ணம். பிறகு மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடுவாள். கோட்டின் பித்தான்கள் காரில் உரசிவிடும் என்று கோட்டையே முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொள்வாள். அப்போது பித்தான்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும், கை எட்டாது. பட்டறையில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

“கொஞ்சம் போட்டு விடுங்க.”

யாராவது போட்டு விடுவார்கள்.

காரின் பின்னால் ஒட்டியிருக்கும் பெயரெழுத்துகளைக் கீறல் விழாமல் கழற்றுவதுதான் அவள் வேலை. எழுத்துகளைச் சூடுகாட்டி, பின்னாலிருக்கும் பசை இளகியதும், தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நூலை எழுத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் விட்டு, இரண்டு கைகளாலும் மெல்ல மெல்ல இழுத்து அறுப்பாள். கத்தி, பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் எதையும் கிட்டே சேர்க்கமாட்டாள். எழுத்து கையோடு வந்த பிறகு மிச்சப் பசையைக் கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுப்பாள். துணியால் தேய்த்தால் துணியில் இருக்கும் தூசி கீறுமாம். ஊர் முழுக்க அவளை நூலக்கா என்றே கூப்பிடுவதால், பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவள் தையல்காரி என்று நினைத்துக் கிழிந்த பையைக் கொண்டுவந்து நீட்டுவதுண்டு. அவள் மறுக்காமல் தைத்தும் கொடுப்பாள்.

அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்குகிறவர். “ஊர்ல அவனவன் பேர் எடுக்கணும்னு நாயா அலையறான். எங்க வீட்டம்மா தினம் நாலு பேர் எடுத்துட்டுத்தான் வீட்டுக்கே வர்றா” என்று லிப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம் அவளுக்கு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பாள். குக்கர் விசில் அடித்தால் தோள் தூக்கிப் போடும். யாராவது குரலை உயர்த்திப் பேசினால், அது பக்கத்து வீட்டுச் சண்டையாக இருந்தாலும், தான் ஏதோ செய்துவிட்டதாக நினைத்துப் பாத்திரத்தைத் துலக்க ஆரம்பித்துவிடுவாள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கறுப்புக் காரில் பிளேடு பட்டு ஒரு கீறல் விழுந்தது. தலைமுடி அகலம்தான். கார்க்காரர் திட்டவில்லை, கத்தவில்லை. கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். “பயந்தவ கையிலதான் காரைக் கொடுக்கணும். தைரியசாலி எல்லாம் கீறிடுவான்” என்பார்.

போன மாதம் இரும்புக்கடைக்காரர் நீல நிறக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். முப்பது வருடமாகக் கம்பியும் தகடும் விற்கிறவர். ஆள் வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும். போன வருடம் இதே பட்டறையில் பெயிண்டரின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தியவர், அதுவும் சீட்டில் ஒரு ஈரத்துணி கிடந்ததற்காக. கார் பழையது, அவர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. பின்கதவில் 1.2 என்று ஒட்டியிருந்தது.

“சின்ன எஞ்சின்னு ஊருக்கே போர்டு மாட்டிக்கிட்டுத் திரியணுமா? எடுத்துடுங்க. வண்டி ஒரே ஆள் வச்சிருந்தது, கம்பெனி பெயிண்டு, ஒரு டச்சப் கிடையாது. சின்னதா ஒரு கீறல் தெரிஞ்சுது, அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன். மூணு மணிக்கு வர்றேன்.”

அவர் போன பிறகும் நூலக்காவின் காதில் அந்தக் குரல் நின்றது. கன்னத்தில் காட்டிப் பார்த்து, காரில் காட்டி, ஒரு நிமிடம் விட்டுக் கையை வைத்தாள். தகரம் சட்டென்று ஆறிவிடும். இது ஆறவில்லை. உள்ளே ஏதோ கனமாக இருந்துகொண்டு சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இது ஒரு மாதிரி இருக்கு.”

“உனக்கு எதுதான் ஒரு மாதிரி இல்ல? எடும்மா, நேரமாகுது.”

நூலை விட்டாள். ஒன்று வந்தது. புள்ளி வந்தது. இரண்டு வரும்போது கூடவே வர்ணமும் வந்தது. நகத்தளவு நீலத் தோல் எழுத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, காரில் அந்த இடத்தில், பள்ளத்தை நிரவப் பூசும் பட்டி மஞ்சளாகத் தெரிந்தது. பட்டியின் ஓரத்தில், அதற்கும் அடியில், சிவப்பு.

பட்டறைக்காரர் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

“டிக்கிக் கதவை மட்டும் மாத்தியிருப்பாங்க. சகஜம்தான். விடு.”

சகஜம்தான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஆனால் அடுப்பைத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் அல்லவா? கதவு மட்டும்தான் என்று நிச்சயமாகிவிட்டால் நெஞ்சு அடங்கும் என்று டிக்கியைத் திறந்து, தரை விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியையும் நகர்த்திப் பார்த்தாள். அடித்தகடு முழுக்கச் சிவப்பு. கொஞ்சம் முன்னால், நீலமும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை கட்டை விரல் தடிமனுக்கு ஒரு வெல்டிங் ஓடியது. துருப்பிடித்து, அங்கங்கே விட்டுப்போய், மேலே தார் பூசியிருந்தது. ஒரு காரின் முன்பாதியையும் இன்னொரு காரின் பின்பாதியையும் வெட்டி ஒட்டவைத்திருந்தார்கள்.

பட்டறைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு விரிப்பை அவரே பழையபடி போட்டார்.

“நாம பாக்கலம்மா. பேர் எடுக்கக் கொடுத்தாங்க. தரையைத் தூக்கிப் பாக்கச் சொன்னாங்களா?”

“வண்டி ரெண்டா இருக்குதுண்ணே.”

“நீதான் பிரிச்சேன்னு சொல்லுவாரு. அந்தாளு கையைப் பாத்திருக்கே இல்ல? பேசாம எழுத்தைத் திரும்ப ஒட்டிடு. எழுத்தை உள்ளே ஆணி வச்சு முறுக்கியிருக்கு, வரலைன்னு நான் சொல்லிக்கிறேன்.”

நூலக்கா ஒட்டினாள். அதை மறைக்க வேண்டியதில்லை, அவளே சொல்கிறாள். ஒன்றையும் புள்ளியையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வர்ணத் துண்டு ஒட்டிய இரண்டை, அது பிய்ந்த அதே இடத்தில் மயிரிழை தவறாமல் பொருத்தி, டபுள் டேப்பை வைத்து அழுத்தினாள். ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக அதுவரை எதையும் ஒட்டியதில்லை. கழிவறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். யாராவது கேட்டைத் தள்ளும்போதெல்லாம் எழுந்து நின்றாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மோதிரத்தைப் பார்த்துவிட்டு, மூடி வைத்தாள்.

மூன்று மணிக்கு முன்பே குரல் வந்தது. பட்டறைக்காரர் சொல்லவேண்டியதைச் சொன்னார். இரும்புக்கடைக்காரர் குனிந்து எழுத்தைப் பார்த்தார். அந்த இடத்தைப் பார்த்து அவர் மூச்சு விட்ட நேரம் முழுக்க நூலக்கா மூச்சு விடவில்லை.

“ரெண்டு எழுத்தைக் கழட்ட வக்கில்ல, பட்டறை வச்சிருக்கீங்க! நூலக்கா நூலக்கான்னாங்களே, என்னம்மா, நூல் அறுந்துடுச்சா?”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பட்டறைக்காரரும் சிரித்தார். நூலக்காவும் பல்லைக் காட்டினாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இன்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“சரி, சாவியைக் கொடு. பேத்திக்கு மூணரைக்கு ஸ்கூல் விடும். தாத்தா வண்டியில வர்றேன்னு காலையிலேயே சொல்லி வச்சிருக்கா. பின்னாடி நின்னுக்கிட்டு ரெண்டு சீட்டுக்கு நடுவுல தலையை விட்டுக்கிட்டு வருவா, உக்காருன்னா கேக்கமாட்டா.”

காரில் ஏறி வண்டியைக் கிளப்பினார். நூலக்கா ‘ஐயா’ என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். தொண்டையில் காற்றுதான் வந்தது. பின்விளக்கு எரிந்து கார் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. பட்டறைக்காரர் அவளைப் பார்த்துத் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். நூலக்கா போய்க் காரின் பின்னால் நின்றாள்.

டிக்கி அவள் வயிற்றில் இடித்த பிறகுதான் பிரேக் பிடித்தது.

“சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?” கதவை அடித்துச் சாத்திவிட்டு அவர் வந்தார். நூலக்கா திரும்பி, ஒட்டிவைத்த அந்த இரண்டு என்ற எழுத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, நூலும் இல்லாமல் சூடும் இல்லாமல் வெறும் கையால் இழுத்தாள். ஒரு சாண் நீளத்துக்கு நீலத் தோல் உரிந்து அவள் கையில் தொங்கியது.

இரும்புக்கடைக்காரரின் கை மேலே போனது. நூலக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

“டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கிப் பாருங்கய்யா. பாத்துட்டு அடிங்க.”

அடி விழவில்லை. டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டெப்னி தரையில் உருண்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லாததால்தான் அவள் கண்ணைத் திறந்தாள்.

இரும்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. வெல்டிங் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று, கார்ச்சாவியின் நுனியை வைத்து அழுத்தினார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது. சாவி பாதிவரை உள்ளே போய்விட்டது. சாவியைச் சுற்றி விழுந்த ஓட்டை வழியாகத் தரையின் வெளிச்சம் தெரிந்தது.

“இதைப் போய்...” என்றவர், சாவியை வெளியே எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார். “முந்தாநாள் ஏழு மணி நேரம் ஓட்டினேன்மா. பொண்ணு, மாப்பிள்ளை, குழந்தை, எல்லாரும் பின்னாடி தூங்கிக்கிட்டு வந்தாங்க. ரோடு காலியா இருந்துச்சு. சும்மா மிதிச்சேன். எவ்வளவு போகுதுன்னு பாக்கலாம்னு...”

பட்டறைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை. பேத்தியை வேறு யாராவது போய் அழைத்துவர வேண்டும் என்று நினைவு வந்தவர்போலப் போனை எடுத்தார். பூட்டைத் திறக்க விரலை வைத்தார். விரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை போனே கீழே விழுந்தது. நூலக்கா அதை எடுத்துத் துடைத்து, அவர் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து, ‘மகள்’ என்று இருந்ததை அழுத்தினாள்.

“என்னப்பா? கிளம்பிட்டீங்களா?” என்றது போன். அவர் வாய் அசைந்தது. “அப்பா? அப்பா, பேசுங்க. என்னாச்சு? எங்க இருக்கீங்க?”

“அப்பா இங்கதாம்மா இருக்காரு” என்றாள் நூலக்கா. “ஒண்ணும் இல்ல. வண்டிதான் சரியில்ல. நீ போய்க் குழந்தையைக் கூட்டிக்கிட்டு வந்துடு. அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது, இதோ பேசுவாரு.”

போனை அவர் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அவரைவிட அவள் ஒரு முழம் குட்டை. நுனிக்காலில் எழும்பி, அவருக்குக் குரல் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.