கணவாய்க்கு அந்தப் பக்கம்

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். எல்லோர் முன்னாலும் கங்காணி திட்டியதில், இனித் தேயிலையைத் தொடுவதில்லை என்று கிளம்பியிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் காய்கறித் தோட்டங்கள். அங்கே வேலை கிடைக்கும் என்று நம்பினேன். அட்டைக் கடியோடு, மழையில் வழுக்கி விழுந்து எழுந்து, மத்தியானம் தாண்டிக் கணவாயில் ஏறினால், மூடுபனி விலகிய இடமெல்லாம் தேயிலை. வழி தவறியிருந்தேன். எரிச்சலில் ஒரு செடியை உதைத்தேன்.

“செடி உங்கள என்ன தம்பி பண்ணுச்சு?” என்றார், அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா.

நடந்ததைச் சொன்னேன்.

“தேயில வேணாம்னு தேயிலைக்குள்ளயே ஓடியாந்தீங்களா?” என்று சிரித்துவிட்டு, தன் ரொட்டியில் பாதியைத் தந்தார்.

தின்றபடி யோசித்தேன். என்னைத் திட்டியது கங்காணி, செடி அல்ல. ஆனாலும் கோபம் தீரவில்லை. அது தீராமலே, மறுநாள் காலை அந்தத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.