கழுத்துக்குள் கிடந்த செல் துண்டு

ஸ்கந்தபுரத்தில் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் ஓட்டும் பெண் கமலாசனி ஒருத்திதான். கணவன் தவராசாவுக்கு இடுப்பு வலி, அதனால் உழவு முழுவதும் அவள் கையில். இரண்டாயிரத்தாறு சிறுபோகத்துக்கு உழுதுகொண்டிருந்தபோது, வரம்பு இரண்டாகத் தெரிந்தது. எது உண்மையான வரம்பென்று விளங்காமல் வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டாள்.

கிளிநொச்சியில் பார்த்து, வவுனியாவுக்கு அனுப்பி, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். மண்டையோட்டின் அடியில், கண் நரம்புகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. கத்தி வைத்து முழுதாக எடுக்க முடியாத இடம். கதிர்வீச்சுச் சிகிச்சைதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப்போனார்கள். வாசலில் தமிழ் டொக்டர் பிள்ளை ஒருத்தி கேட்டாள்:

"அம்மா, உங்கட உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ?"

கமலாசனி கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "தொண்ணூற்றாறில கிளிநொச்சியால ஓடேக்க ஆமி அடிச்ச செல் வெடிச்சுப் பட்டது. துண்டு ஒண்டு இஞ்ச கிடக்கு."

"எடுக்கேல்லையோ?"

"அப்ப ஆர் பிள்ளை எடுக்கிறது? கிடக்கட்டும் எண்டு தைச்சு விட்டவை."

எக்ஸ்ரேயில் துண்டு தெரிந்தது. பெரிய இரத்தக்குழாயை ஒட்டிக் கிடந்தது. டொக்டர் அவளைக் கதிரையில் இருத்தினாள்.

"இந்த மெஷின் பெரிய காந்தம் அம்மா. துண்டை இழுத்தால் குழாயை வெட்டிப்போடும். உள்ள விடேலாது."

"படம் இல்லாமல் கதிர் குடுக்கேலாதோ?"

"சி.ரி. ஸ்கேனை வைச்சுக் குடுக்கலாம். ஆனா கட்டி எங்க முடியுது, நரம்பு எங்க தொடங்குது எண்டு மங்கலாத்தான் தெரியும். கொஞ்சம் பிசகினாலும் பார்வை போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வெளிநாட்டில புரோட்டோன் எண்டு ஒரு கதிர் இருக்கு. கட்டியோட நிண்டிடும், அங்கால போகாது. அதுக்கும் இந்தப் படம்தான் வழிகாட்ட வேணும்."

துண்டை முதலில் எடுப்பதென்று முடிவாயிற்று. ஒப்பரேசனுக்குச் சில கிழமைகள் இருந்தன. நெல்லை வெட்டிவிட்டு வருகிறேன் என்று கமலாசனி ஊருக்குத் திரும்பினாள். அந்த ஆவணியில் சண்டை மூண்டு, கொழும்புக்குப் போகும் பாதை மூடிக்கொண்டது.

இயக்கத்திடமும் ஆமியிடமும் பயண அனுமதிக்குப் பாஸ் எடுக்க மாதங்கள் போயின. வலது கண் இருண்டது. இரவில் நோவு தாங்காமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். தவராசா அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கினார். அடுத்த வருசம் செஞ்சிலுவைச் சங்க வண்டி அவளை ஏற்றிக்கொண்டு ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியபோது, யாராவது தாங்கிப் பிடித்தால்தான் அவளால் நடக்க முடிந்தது.

கொழும்பில் துண்டை எடுத்தார்கள். நகத்தளவுதான் இருந்தது. பின்னர் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். படம் மிகத் தெளிவாக வந்தது. அதே டொக்டர் பிள்ளை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சொல்லு பிள்ளை."

"இரண்டு நரம்பையும் சுத்தீட்டுது அம்மா. மூளைத்தண்டையும் தொடுது. இனி முழுக்கக் கதிர் குடுத்தால் கட்டியோட நீங்களும்..." அவள் முடிக்கவில்லை.

"நோவு குறையக் குடுக்கலாமோ?"

"ஓம். அது குடுப்பம்."

கமலாசனி அந்தப் பிள்ளையின் கையைத் தட்டிக்கொடுத்தாள். வெளியே வந்து தவராசாவிடம், "இஞ்சேருங்கோ, வீட்ட போவம்" என்றாள். திரும்பிப் போகவும் பாஸுக்காகக் கிடக்க வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்தெட்டுத் தையில், ஸ்கந்தபுரத்து வீட்டில், அவள் செத்துப்போனாள். கடைசியில் இரண்டு கண்ணும் தெரியவில்லை. கிபிர்க் குண்டு விமானம் இரையும்போது, "எங்க போடுறான்?" என்று மட்டும் கேட்பாள். அயலவர்கள் கூடித் தூக்கிப்போனார்கள், பறை அடித்தார்கள், தவராசாவே கொள்ளி வைத்தார்.

அந்த வருசத்துக்குள் ஊரே எழும்பி ஓடியது. தவராசா முள்ளிவாய்க்கால் வரை போய், வவுனியா முகாமொன்றில் உயிரோடு வந்து சேர்ந்தார். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர் ஒருநாள் மனைவியைப் பற்றிக் கேட்டார்.

"அவள் கட்டி வருத்தத்தில செத்தவள்" என்றார் தவராசா. "எரிச்சு, எட்டாம் நாள் எட்டுச் செலவும் செய்தனான்."

கேட்டவர் தன் மனைவியின் உடலைக் கடற்கரை மணலில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவர்.