கேட்டில் நிற்கும் பிரசங்கியார்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு ஆட்கள் வருவார்கள். பெங்களூரில் வண்டிகள் வருகின்றன. திருநெல்வேலிப் பக்கம் கோயிலில் முதல் மணி அடித்ததும் குளித்து, இரண்டாம் மணி அடித்ததும் நடந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து பழகியவன் நான். இங்கே காக்ஸ் டவுனில் பளபளவென்று ஷூ போட்டபடியே உள்ளே போகிறார்கள். வாசலில் விடவேண்டியது ஸ்கூட்டரை. தெருவோ ஒரு மாடு திரும்பினால் அடைத்துக்கொள்ளும். ஆக, யாராவது ஒருவர் கேட்டில் நின்று வண்டிகளை வரிசைப்படுத்த வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த யாராவது நான்தான்.

ஆனால் நான் பிறந்தது இதற்கில்லை ஐயா! நான் ஒப்புக்கொடுத்த பிள்ளை. ஏழு வருஷம் குழந்தையில்லாமல் இருந்த அம்மா, ஒரு பிள்ளை தந்தால் அதை ஊழியத்துக்கே தந்துவிடுவதாக ஜெபம் பண்ணிப் பெற்றவன். எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேராவது இப்படி இருப்போம். பெயர் வைக்கும் முன்பே உத்தியோகம் முடிவாகிவிடும். எப்போது சேரவேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். பத்தொன்பது வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் கர்த்தர் அழைக்கிறார் என்று எனக்கே உறுதியாகி, மணலில் முழங்காலிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். இறையியல் கல்லூரியில் இரண்டு தடவை இடம் கிடைக்கவில்லை. கர்த்தருடைய வேளை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மென்பொருள் கம்பெனி வேலைக்கு இங்கே வந்தேன்.

வந்த முதல் வாரமே பாஸ்டரிடம் போய், "எனக்குப் பிரசங்க ஊழியத்துக்கு அழைப்பு இருக்குங்க" என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "ரொம்ப சந்தோஷம் பிரதர். கர்த்தருடைய வேளை வரட்டும். அதுவரைக்கும் கேட்டைப் பாத்துக்கறீங்களா?" என்றார். பார்த்துக்கொண்டேன். ஆண்டுக்கு ஒருமுறை நினைவூட்டுவேன். அவரும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்வார். நேற்று வந்த வாலிபர்களெல்லாம் மேடையேறி இறங்கினார்கள். எனக்கு வயிறெரியவில்லை என்று சொன்னால் அது பொய். காத்திருப்பதைப் பற்றி நான் எழுதி வைத்த பிரசங்கம் மட்டும் காத்திருந்து காத்திருந்து நாற்பது பக்கமாகிவிட்டது. ஞாயிறு மத்தியானமானால் அம்மா போன் பண்ணிவிடுவாள். "எய்யா, இந்த வாரமாவது ஏறுனியா?" அவளுக்கு எழுபத்தாறு வயது. என் பிரசங்கத்தை ஒருதரம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடணும் என்பாள்.

போன மாதம் வேளை வந்தது. பாஸ்டருக்குக் காலை ஏழு மணிக்கு ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஓர் ஆராதனை, ஒன்பதரைக்கு எங்களுக்கு. அன்றைக்குப் பத்து மணியாகியும் அவர் வண்டி நெரிசலில் பாதி வழியில் பொம்மனஹள்ளியைத் தாண்டவில்லை. பாட்டுப் புத்தகத்தில் தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்ந்தபின் சபைச் செயலாளர் கேட்டுக்கு ஓடிவந்தார். "அண்ணா, நீங்க ரெடியா ஒண்ணு வெச்சிருக்கீங்கல்ல? வாங்க, வாங்க!"

எப்படி ஏறினேன் என்று தெரியாது. கேட்டில் நிற்கும்போது போடும் மின்னும் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் தொங்கிய விசில் மைக்கில் இடித்து டங்கென்று சத்தம் போட, முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். "கர்த்தருக்குள் பிரியமானவர்களே" என்றேன். வாசலில் ஹார்ன் அலறியது.

கோயிலுக்கு எதிர்வீட்டு மஞ்சுநாத். தமிழ் நன்றாகத் தெரிந்தவர். என்னோடு வாராவாரம் சண்டை போடுவதற்கு மட்டும் கன்னடம். அவர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் யாராவது வண்டி நிறுத்தினால் விடமாட்டார். அன்றைக்கு உள்ளேயே வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி, முகத்தில் கோபமில்லை. "அம்மாவுக்கு நெஞ்சு வலி. காரை எடுக்க முடியலை. கேட்டை அடைச்சு நிக்கிற வண்டிக்காரர் எங்கே?" என்றார், தமிழில்.

எந்த வண்டி யாருடையது, எது சைடு லாக் போட்டது என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் கேட்டை விட்டு நகர்ந்த ஐந்து நிமிஷத்துக்குள் தாமதமாக வந்தவர்கள் கண்டபடி நிறுத்தியிருந்தார்கள். நாற்பது பக்கத்தையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். பேர் சொல்லிச் சொல்லிச் சாவியைப் பிடுங்கினேன். பூட்டிக்கிடந்த இரண்டு புல்லட் பைக்கைச் செயலாளரும் நானும் தூக்கியே நகர்த்தினோம். கார் வெளியே வந்தது. பின் சீட்டில் அந்தம்மா வேர்த்துப்போய்ச் சாய்ந்திருந்தார். மஞ்சுநாத் கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ப்ரார்த்தனெ மாடி சார்." ஜெபம் பண்ணச் சொன்னார்.

அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த கன்னடமோ கேட்டில் வண்டிகளை நகர்த்தக் கற்ற கன்னடம். அதிலேயே ஜெபித்தேன். "தேவரே, அம்மனிகே தாரி பிடி. ஜொதேகே நில்லி. ஸ்வல்ப பேகா!" கடவுளே, அம்மாவுக்கு வழி விடுங்கள், கூடவே நில்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக நல்ல தமிழில், உம்முடைய வேளையில், உம்முடைய சித்தப்படி என்று பணிந்து பணிந்து கேட்டவன், கர்த்தரைச் சீக்கிரம் என்று விரட்டியது அன்றைக்குத்தான்.

திரும்பி உள்ளே போனால் பாஸ்டர் வந்து பாதிப் பிரசங்கம் முடித்திருந்தார். நான் மறுபடி கேட்டில் போய் நின்றுகொண்டேன். மத்தியானம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வார்த்தை பேசி இறங்கிவிட்டேன், அதுவும் விசிலோடு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவேயில்லை.

"அந்தப் பொம்பள எப்படி இருக்கா?"

"பிழைச்சிட்டாங்கம்மா. மஞ்சுநாத் போன் பண்ணினார். நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் நான் வந்து ஜெபிக்கணுமாம். கன்னடத்துல."

"தப்பு என்மேலதாம்ய்யா," என்றாள் அம்மா. "உன்ன ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தப்போ எந்த ஊர்லன்னு நான் சொல்லல பாத்துக்க."

போன வெள்ளிக்கிழமை மஞ்சுநாத் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்தார். நானும் கண்ணை மூடினேன். கர்த்தாவே என்பதா, தேவரே என்பதா என்று தெரியாமல் வாய் பாதி திறந்தபடியே நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அந்தம்மா கூப்பிய கையை இறக்காமல் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.