பன்னிரண்டாம் தேதி சூளை

புதிதாக வந்த கம்ப்யூட்டர் நல்ல நாள் பார்க்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். எங்கள் பீங்கான் பொதுச் சூளையில் முன்பதிவு என் வேலை. 13/09 என்று அடித்தால் ஏற்காது. 12/09 என்றால் உடனே வாங்கிக்கொள்ளும். பதிமூன்று ராசியில்லை போல என்று, கொலு பொம்மை பட்டறைக்காரம்மாவுக்குப் பன்னிரண்டையே போட்டேன்.

பன்னிரண்டாம் தேதி காலை லோடு ஆட்டோ நிறையச் சுடாத பொம்மைகளோடு வந்துவிட்டார். திரையில் அவர் பேரே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், கும்பிட்டும் பார்த்தேன்.

“என்னாங்க சார், பொட்டிகிட்ட வேண்டுதலா? கொலுவுக்குள்ள பொம்மை வெந்துடுங்களா?”

விசாரித்தால், கம்ப்யூட்டர் மாதத்தைத்தான் முதலில் படிக்குமாம். பதிமூன்றாம் மாதம் கிடையாதே. அவருக்கு டிசம்பர் ஒன்பது விழுந்திருந்தது. சூளையோ கொலு முடியும்வரை நிரம்பியிருந்தது. பொம்மைகள் வேகாமலே திரும்பிப் போயின.