மூன்றாவது ஏரியல்

ராயபுரத்து மொட்டைமாடியில் மூங்கில் நட்டு, செம்புக் கம்பியில் இரண்டு ஏரியல் கட்டினேன். ஒன்று சதுர வளையம், மற்றது முக்கோண வளையம். எது மேல் என்று தெரிய வேண்டாமா? திருவொற்றியூரில் என்னைப் போலவே அமெச்சூர் ரேடியோ வைத்திருந்த தோஸ்தை அழைத்து, இரண்டிலும் மாற்றி மாற்றிப் பேசினேன்.

"ரெண்டும் சோக்காக் கீது மாமு. அஞ்சு ஒம்போது!"

எங்கள் வழக்கில் அது முழு மதிப்பெண். யாருக்கும் அதையே வாரி வழங்குவான்.

"மரியாதையெல்லாம் வாணாம், நெசத்தச் சொல்லு" என்று ஒரு வாரம் கெஞ்சினேன். அதே அஞ்சு ஒம்போது. வந்த கடுப்பில் இரண்டு கம்பிகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கொஞ்சமாவது கசிந்து போய்க் கரகரவென்று கேட்கும் என்று, ஏரியலே இல்லாத டிரான்ஸ்மிட்டரில் கத்தினேன்: "இது மூணாவது. எப்டி கீது?"

"இதான் மாமு டாப்பு! இத்த மட்டும் கயட்டிடாத."